சாயம் போகாத சாரன்: வீட்டுத் தறிக்கு ஒரு கணக்கு

மருதமுனை என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது கைத்தறிச் சாரன்தான். ஆனால் இன்று சந்தையில் விசைத்தறிச் சாரனும் இறக்குமதிச் சாரனும் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. விலையில் அவற்றோடு போட்டியிட வீட்டுத் தறியால் முடியாது; முயல்வதும் வீண். எனினும், ஆலைக்காரர் ஒரு நிறத்தைப் பெருந்தொகையாக ஓட்டினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். உங்களுக்கோ ஆறு சாரனுக்கு ஒரு நிறம் என்றாலும் போதும். வாடிக்கையாளர் கேட்கும் கட்டம், கேட்கும் கரை, கேட்கும் நிறம் – வீட்டு நெசவாளரின் கையிலுள்ள சரக்கு இதுதான்.

அந்த நிறம் முதல் சலவையிலேயே வாளித் தண்ணீரில் இறங்கினால் எல்லாம் முடிந்தது. வெள்ளைக் கட்டத்தில் சிவப்புப் படிந்த சாரனை எந்தக் கடைக்காரரும் இரண்டாந் தடவை எடுக்கமாட்டார். எனவே இவ்வாரம் சாயமிடுதலையே பார்ப்போம்.

பருத்தி நூலுக்கு வீட்டில் பாவிக்க இலகுவானது ‘ரியக்டிவ்’ வகைச் சாயம். அது நூலோடு இரசாயன ரீதியில் பிணைந்து விடுகிறது. வாங்கும்போது குளிர் நீரில் பிடிக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மற்ற வகைகளுக்கு 60 முதல் 80 பாகை வரை வெப்பம் வேண்டும். விறகுச் செலவு கூடும்.

வெளுக்காத நூலில் இயற்கையான மெழுகுத் தன்மை உண்டு. முதலில் சோடாவும் சவர்க்காரமும் இட்டு ஒரு மணித்தியாலம் அவித்து அலச வேண்டும். பிறகு உலர்ந்த நூல் 1 கிலோவுக்குத் தண்ணீர் 20 லீற்றர், சாயம் 20 கிராம், உப்பு 1 கிலோ, சோடா ஆஷ் 200 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது நடுத்தர நிறத்துக்கு. இளநிறத்துக்குச் சாயம் 5 கிராம் போதும். கடும் நிறத்துக்கு 40 கிராமும் அதற்கு மேலும் போகும். சாயமும் உப்பும் கலந்த இளஞ்சூட்டு நீரில் நூலை அரை மணித்தியாலம் புரட்டிவிட்டு, வேறாகக் கரைத்த சோடாவைச் சேர்த்து, இன்னும் ஒரு மணித்தியாலம் விடாமல் புரட்டுங்கள். சோடா சேர்ந்த சாயத் தண்ணீரை நாளைக்கென்று எடுத்து வைப்பதில் பயனில்லை. அதன் பிடிக்கும் சக்தி போய்விடும்.

சோடா ஆஷுக்குப் பதிலாகப் பளிங்குச் சலவைச் சோடா கிடைத்தால் அளவு மாறும். அதன் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். 200 கிராமுக்குப் பதிலாக ஏறக்குறைய 540 கிராம் போட வேண்டும். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டுச் சிறு தராசொன்று வாங்குங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

கடைசியில் குளிர் நீரில் அலசி, சவர்க்கார நீரில் 15 நிமிடம் கொதிக்க வைத்து, தண்ணீர் தெளியும் வரை மீண்டும் அலச வேண்டும். பிடிக்காமல் நூலில் தங்கிய சாயம் அப்போதுதான் வெளியேறும். அலுப்பில் இதைத் தவிர்ப்பவர்களின் சாரன்தான் பெரும்பாலும் சாயம் போகிறது.

சமையல் பாத்திரத்தில் சாயமிடக் கூடாது. அலுமினியச் சட்டியைச் சோடா அரித்துவிடும். தூளை நிறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நமது கரையோர மணல் நிலத்தில் ஊற்றும் எதுவும் கிணற்றுக்குப் போய்ச்சேரும். அது அயலவரின் கிணறாகவும் இருக்கலாம். கழிவு நீரைக் கிணற்றடியில் கொட்டுவது பெரும் அநியாயம்.

ஒரு பாவுக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே தொட்டியில் தோய்த்துவிடுங்கள். மறுநாள் அதே அளவில் போட்டாலும் நிறம் சற்று விலகும். துணியில் அது கோடாகத் தெரியும். ஒவ்வொரு நிறத்தின் அளவையும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் நூல் துண்டொன்றை ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து “அதே பச்சை வேண்டும்” என்று கடைக்காரர் கேட்பார்.

இனி விலை. நூல், சாயம், நெய்தவர் கூலி மூன்றையும் கூட்டி அதற்குமேல் வருவதை இலாபம் என்கிறோம். தார் சுற்றிய மகளும் சாயமிட்ட மனைவியும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பேச்சுக்கு, பத்துச் சாரனுக்கு அவர்கள் 20 மணித்தியாலம் உழைத்தால் சாரனொன்றுக்கு 2 மணித்தியாலம். அதை உங்கள் ஊர் நாட்கூலியில் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இலாபம் என்று எண்ணியது அவர்களுக்குக் கொடுக்காத கூலியாகவே இருக்கும். அப்படியானால் விலையை உயர்த்த வேண்டும், அல்லது அந்த ரகத்தை நிறுத்த வேண்டும்.

நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்தி வருகிறது. சென்ற வருடத் திகதியைப் பார்த்து நூல் வாங்கினால் பிந்திவிடும். கிழக்கில் மாரி மழை பிடித்துவிட்டால் தோய்த்த நூல் காய்வதற்கும் கூடுதல் நாள் எடுக்கும். கடைக்காரரிடம் நாள் சொல்லுமுன் இவ்விரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள்.