குறை சொன்னால் நன்றி கெட்டவர்களா?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் நான்கு பேர் கூடினால் பேச்சு கடைசியில் புலம்பலில்தான் வந்து நிற்கிறது. தோட்டம் போய்விட்டது, சொந்த வீடு இல்லை, பஸ் சரியாக வருவதில்லை, தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், படித்த பையன்கள் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் ‘சோறு போட்ட நாட்டைக் குறை சொல்லக்கூடாது’ என்கிறார்கள். இன்னும் சிலர் ‘எல்லாம் நம் ஆட்களின் குடியாலும் ஒற்றுமையின்மையாலும் வந்தது’ என்கிறார்கள். ‘பிடிக்காவிட்டால் போய்விட வேண்டியதுதானே’ என்று கேட்பவர்களும் உண்டு. பிறந்த நாட்டைப் பற்றி மனம் திறந்து குறை சொல்வது தவறா? எங்கள் குறைகளில் எது நியாயம், எது வெறும் புலம்பல்?

– வாசகி, பத்தாங் பெர்ஜுந்தாய்

பதில்: தவறே இல்லை அம்மா. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு பேசினால் எந்த முடிவுக்கும் வர முடியாது. வீடு, பஸ், பள்ளி, பிள்ளைகளின் இடப்பெயர்ச்சி என்று தனித்தனியாகத் தெரியும் இந்தக் குறைகளுக்கு வேர் ஒன்றுதான். மூன்று, நான்கு தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் ஓர் அடி மனைகூடத் தோட்ட மக்களின் பெயரில் இல்லாமல் போனதே அந்த வேர். அதைப் பிடித்துக்கொண்டு பேசும் குறை நியாயமானது. அதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பேசும்போதுதான் அது புலம்பலாகிறது.

உங்கள் வட்டாரத்துக்கு மலேசியப் பொருளாதார வரலாற்றில் தனி இடம் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரரால் தொடங்கப்பட்டது உங்கள் தெனமாரம் தோட்டத்தில்தான். சுற்றிலும் ரப்பர் இருந்தது. ஈயம் அள்ளும் கப்பல்களும் அங்கே ஓடின. இத்தனைக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆட்களைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்க லயம், பால்வாடி, தமிழ்ப்பள்ளி, டிரசர் எனப்படும் மருத்துவ உதவியாளர் இருக்கும் ஆஸ்பத்திரி, கோயில், மளிகைக்கடை, குழாய்த் தண்ணீர் எல்லாமே நிர்வாகத்தின் எல்லைக்குள் அமைந்தன. வசதிகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை அனைத்தும் வேலையோடு கட்டப்பட்டிருந்தன. வேலை முடிந்தால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அந்த வீட்டில் என்ன உரிமை என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

இதனால் என்ன ஆயிற்று என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தீபகற்பத்தின் கிராமப்புற ஏழைகள் மூன்று விதமாகக் குடியமர்த்தப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில், 1950 முதல், காட்டோரங்களில் இருந்த சீனக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் பெயர்க்கப்பட்டுப் புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டன. முள்வேலியும் ஊரடங்கும் கொடுமையானவை. ஆனாலும் காலப்போக்கில் அவர்களில் பலருக்கு வீட்டு மனையின் மீது குத்தகை உரிமை கிடைத்தது. 1956-இல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்ற அமைப்பு, நிலமற்றவர்களுக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் தோட்டமும் கால் ஏக்கர் வீட்டு மனையும் கொடுத்தது. கடனை அடைத்தால் பட்டா கிடைக்கும். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். மூன்றாவது கூட்டம் தோட்டத் தொழிலாளர்கள். அவசரகாலத்தில் இவர்களும் வேலிக்குள் திரட்டப்பட்டார்கள், ஆனால் முதலாளியின் நிலத்திலேயே. வேலியை எடுத்தபோது கையில் எந்தப் பத்திரமும் இல்லை. பிறகு வந்த கிராம மேம்பாட்டுத் திட்டங்களும் தோட்டத்தின் வாசலோடு நின்றன. தோட்டம் தனியார் சொத்து. அங்கே சாலையும் மின்சாரமும் போட வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்பது அரசாங்கத்தின் நிலை. அரசாங்கத்துக்கும் முதலாளிக்கும் நடுவில் யாருடைய பொறுப்பிலும் சேராத ஒரு மக்கள் கூட்டம் இப்படித்தான் உருவானது.

மற்ற குறைகள் இதிலிருந்து எப்படிக் கிளைத்தன என்று பாருங்கள். பள்ளி நின்ற நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானதால் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே காலம் தள்ளின; முழு அரசாங்கப் பள்ளிக்குக் கிடைக்கும் கட்டட ஒதுக்கீடு அவற்றுக்கு எளிதில் வரவில்லை. தோட்டம் காலியானதும் மாணவர் எண்ணிக்கை விழுந்தது. ஆள் குறைந்த பாதையில் பஸ் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று பஸ்ஸும் குறைந்தது. கோயிலின் கதையும் இதுதான். லயத்துக்காரர்கள் கட்டிய கோயில், நிலம் கைமாறியதும் அடுத்தவர் நிலத்தில் நிற்கும் கோயிலாகிவிடுகிறது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலைச் சுற்றி வெடித்த கலவரத்துக்கும் அடியில் இருந்தது பழைய தோட்ட நிலம் கைமாறிய கதைதான்.

‘நம் ஆட்களின் குடியும் ஒற்றுமையின்மையும்தான் காரணம்’ என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சம்சு குடித்துக் கெட்ட குடும்பங்கள் உண்டு. வட்டிக்கடனில் மூழ்கியவர்கள் உண்டு. தொழிற்சங்கத்திலும் கட்சியிலும் நாற்காலிச் சண்டை நடந்ததும் ஊரறிந்த விஷயம். ஆனால் இவை காரணம் என்றால், இதே குறைகள் உள்ள மற்றவர்களும் இதே கதிக்கு ஆளாகியிருக்க வேண்டும். ஊலு சிலாங்கூரின் கெடாங்சா, சுங்கை தெங்கி ஃபெல்டா குடியேற்றங்களைப் பாருங்கள். அங்கேயும் கடன் உண்டு, குடும்பச் சிக்கல் உண்டு, அரசியல் பிளவும் உண்டு. ஃபெல்டா நிர்வாகத்தைப் பற்றிக் குடியேறியவர்களுக்கு மனக்குறையும் நிறைய இருக்கிறது. இருந்தாலும் செம்பனை விலை ஏறும்போது அதன் பலன் அவர்கள் வீட்டுக்கு வருகிறது. முதுமையில் அவர்களை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை. உங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் பயிர் ஒன்று, மழை ஒன்று, உழைப்பும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான். நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்பதும் பொய். 1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். அதைத் தொடர்ந்து, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. குடியை நிறுத்தச் சொல்லுங்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் குடியை நிறுத்தியவருக்கும் மனைப் பட்டா கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் நிலம் கைமாறிய பிறகு, அங்கே உழைத்தவர்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் எத்தனையோ மகஜர்கள் கொடுக்கப்பட்டன, எத்தனையோ தலைவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். 2005 முதல் புக்கிட் தாகாரில் தலைநகரத்தின் குப்பை வந்து சேர்கிறது. உங்கள் வட்டாரத்தில் எடுக்கப்படும் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போகிறது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்ற புதுப் பெயரும் வந்துவிட்டது. வீடு மட்டும் வரவில்லை. கடைசியில் 2023-இல்தான் 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அதே ஆண்டு சிலாங்கூரில் சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. முடிவு நல்லது, வரவேற்போம். ஆனால் இதை ஒரு தலைவரின் தாராளம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாடத்தைக் கோட்டைவிட்டவர்களாவோம்.

பாடம் இதுதான். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தரும்போது நிபந்தனை விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. தோட்ட நிலத்தின் விலை பல மடங்காக ஏறுவது அந்த அனுமதியால்தான். ‘இந்த நிலத்தில் இத்தனை ஆண்டு உழைத்த குடும்பங்களுக்கு முதலில் மனை ஒதுக்கு, பிறகு உன் திட்டத்தைத் தொடங்கு’ என்று அந்த நேரத்தில் எழுதிவிட்டால் இருபது ஆண்டுக் காத்திருப்புக்கு இடமே இல்லை. நிலம் மாறிய பிறகு கேட்பது கெஞ்சலாகிவிடுகிறது. மாறுவதற்கு முன் கேட்டால் அது உரிமைக் கோரிக்கை. நம் குறைகள் பெரும்பாலும் காலம் கடந்து, தவறான கதவைத் தட்டியே வீணாகியிருக்கின்றன.

‘சோறு போட்ட நாடு’ என்ற பேச்சுக்கு வருவோம். நன்றி நல்ல குணம். அது இரு பக்கமும் இருக்க வேண்டும். ரப்பர் இந்த நாட்டின் கஜானாவை நிரப்பிய காலத்தில் அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பால் வெட்டியவர்கள் யாருடைய சோற்றையும் இலவசமாகச் சாப்பிடவில்லை. வறுமையை இன வேறுபாடின்றி ஒழிப்போம் என்பது 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் முதல் இலக்கு. அரசாங்கம் தானே கொடுத்த வாக்கை நினைவூட்டுவது எப்படி நன்றிகேடாகும்? குறை சொல்லாமல் எதுவும் மாறியதும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டு எழுப்பப்பட்ட பிறகே, 2013-இல் குறைந்தபட்சச் சம்பளமாக 900 ரிங்கிட் தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் அது 1,500 ஆனது, 2025-இல் 1,700 ஆனது. அன்று ‘கிடைத்ததே போதும்’ என்று எல்லாரும் வாயை மூடியிருந்தால் இந்த எண்களுக்கு வேலையே இருந்திருக்காது.

‘பிடிக்காவிட்டால் போய்விடு’ என்பதற்குப் பதில் இன்னும் சுருக்கமானது. இங்கே பிறந்த குடிமகனுக்குப் போக வேறு நாடு இல்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது தனிமனிதர் வழி, தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒருவர் போவதால் லயத்தில் இருக்கும் அவருடைய தாயாருக்கு மனை கிடைத்துவிடாது. கையில் எதுவும் இல்லாமல் வெளியேறுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட மோதல், நெரிசலும் வறுமையும் மண்டிய அப்படிப்பட்ட குடியிருப்புகளில்தான் நடந்தது.

எஞ்சியிருக்கும் ஆட்சேபம் எல்லாவற்றிலும் வலுவானது: ‘பூர்வகுடிகள் நிலமிழந்து நிற்கிறார்கள், சபாவிலும் சரவாக்கிலும் இன்னும் ஏழ்மை இருக்கிறது, நமக்கு மட்டுமா குறை?’ சரியான கேள்வி. அதனால்தான் இனத்தின் பெயரால் அழுவதைவிட, ஒரு கொள்கையின் பெயரால் கேட்பது மேல் என்கிறேன். ஓரிடத்தில் தலைமுறையாக வாழ்ந்து உழைத்தவரை, மாற்று மனை தராமல் அங்கிருந்து கிளப்பக்கூடாது என்பதே அந்தக் கொள்கை. அது பூர்வகுடிக்கும் பொருந்தும், புறம்போக்கில் இருக்கும் மலாய்க்காரருக்கும் பொருந்தும். இன்னொருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று உங்கள் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசியரும். அவர்களுக்கு இங்கே மனை கேட்கும் உரிமை இல்லாமல் இருக்கலாம்; ஆனால் வேலை போனால் கூரையும் போகும் என்ற அதே பிடியில்தான் அவர்களும் இருக்கிறார்கள். ‘வெளிநாட்டுக்காரன் வந்து நம் வேலையைப் பறித்தான்’ என்பது உங்கள் பட்டியலில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். குறைந்த கூலியும் வேலையோடு கட்டிய வீடும் முதலாளிக்கு லாபமாக இருந்ததால் அந்த வெளிநாட்டுத் தொழிலாளி அழைத்துவரப்பட்டார். நம் முன்னோரும் அதே காரணத்துக்காகத்தான் அழைத்துவரப்பட்டார்கள்.

ஆகவே குறைகளைப் பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்புங்கள். நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம், ‘எங்கள் தொகுதியில் நில வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கும் தோட்டங்கள் எவை, அங்கே இருப்பவர்களுக்கு என்ன நிபந்தனை போடப் போகிறீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளமும் தொழிலாளர் வீட்டின் தரமும் மனிதவள அமைச்சைச் சேர்ந்தவை. புகாரைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புங்கள். கால்வாயும் தெருவிளக்கும் ஊராட்சி மன்றத்தின் வேலை. இதைத் தேர்தல் இல்லாத ஆண்டில் செய்யுங்கள். தேர்தல் நேரத்தில் கிடைப்பது அறிவிப்பு. பட்டா மற்ற ஆண்டுகளில் கேட்டு வாங்க வேண்டியது.