பாசி எண்ணெயின் வரவும் செலவும்

திருமலையின் அன்னதானச் சமையலறையில் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு உணவு ஆக்கப்படுகிறது. அங்கு டீசல் செலவைக் குறைக்கும் பொருட்டு, 2002ஆம் ஆண்டில் 106 குழியாடித் தட்டுகள் நிறுவப்பட்டன. சூரிய ஒளியைக் குவித்து, 15,000 பேருக்கான சமையலுக்குரிய நீராவியைத் தருமாறு அவை அமைக்கப்பட்டன. எனினும், குழியாடியால் லாரியை ஓட்ட இயலாது. அதற்குத் திரவ எரிபொருள் வேண்டும். சூரிய ஒளியை எண்ணெயாக மாற்றும் ஆற்றல் பாசிக்கு உண்டு என்பதாலேயே உலகம் அதனை நாடியது.

நுண்பாசிக்கு விளைநிலம் தேவையில்லை. சில வகைகள் உவர்நீரிலும் செழிக்கும். இச்சிறப்புகள் யாவும் உண்மையே. ஆயினும், செலவையும் நாம் கணக்கிட வேண்டும்.

திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் பாசி விளைவதாகக் கொள்வோம். ஒரு கிலோ உலர்பாசி பெற 2,000 லிட்டர் நீரை வடிக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கே எண்ணெய் எனில், ஒரு கிலோ எண்ணெய்க்கு வடிக்க வேண்டிய நீர் 10,000 லிட்டர். வடித்த நீரை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் இறைப்பதற்கும் வடிப்பதற்கும் உலர்த்துவதற்கும் ஆகும் மின்சாரச் செலவு திரும்பி வராது.

இக்கணக்கே பெரு முயற்சிகளையும் தடுத்தது. அமெரிக்க அரசு 1978இல் தொடங்கிய பாசி எரிபொருள் ஆய்வுத் திட்டம் 1996இல் முடிக்கப்பட்டது. 2009இல் 60 கோடி டாலர் வரை செலவிட முன்வந்த எக்ஸான்மொபில் நிறுவனமும் பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டது.

அவ்வாறாயின் பாசியால் பயனில்லையா? புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா வணிக முறையில் வளர்க்கப்படுகிறது. ஊட்ட உணவாக விற்கப்படுவதால், எரிபொருளைவிடப் பன்மடங்கு விலை அதற்குக் கிடைக்கிறது. பாசியை விளைவிக்கும் செலவை அவ்விலை தாங்கும். டீசலின் விலை தாங்காது.

ஆகவே, பாசி எண்ணெய்த் திட்டத்தில் நம் சேமிப்பை இடுமாறு எவரேனும் அழைத்தால், மூன்று வினாக்களை எழுப்புவோம். ஒரு லிட்டரின் அடக்கவிலை என்ன? எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கை வாங்குவோர் யார்? அரசு மானியம் நின்றால் தொழில் நிலைக்குமா? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே கையொப்பமிடுவோம். நாளை வடிக்கும் செலவு குறையலாம். அன்று இதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்போம்.