நகரத்து நிலமும் ஊரார் துணையும்

உழவு என்றதும் நாட்டுப்புறமே நம் நினைவுக்கு வருகிறது. வயலும் வரப்பும் கிணறும் அங்கேதான் உண்டு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் உலகின் பெருநகரங்கள் பலவற்றில், வீடுகளுக்கு இடையே வெறுமையாய்க் கிடந்த மனைகளில், செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இடாமல் கீரையும் காய்கறியும் விளைவிப்போர் இன்று இருக்கின்றனர். மண்ணைப் பண்படுத்துவதைக் காட்டிலும் சட்டத்தின் வாயிலைக் கடப்பதே இவர்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. நகராட்சியின் அனுமதி இல்லாமல் ஒரு கட்டுக் கீரையும் விற்க முடியாத நிலை சில இடங்களில் உண்டு. அத்தகைய சிறு பண்ணைக்கு அக்கம்பக்கத்தார் துணை நிற்பதால் விளையும் பயன் யாது? அத்துணை எவ்விடத்தில் போதாமற் போகிறது? அமெரிக்க நாட்டு நகரங்கள் மூன்றின் வரலாற்றைக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஆராய்வோம்.

தடை எங்கிருந்து வந்தது?

நகரத்தில் பயிர் கூடாது என்று அதிகாரிகள் பகை கொண்டார்கள் என எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் நகரம் 1916இல் நகர் முழுவதற்கும் வட்டாரப் பிரிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. வீடுகளுக்கு ஒரு வட்டாரம், தொழிற்சாலைகளுக்கு ஒரு வட்டாரம் என்று நிலத்தைப் பகுக்கும் முறை இது. புகையும் இரைச்சலும் குடியிருப்பை அண்டாமல் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இத்தகைய சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. அதன்பின் நாடெங்கும் நகரங்கள் இம்முறையைக் கைக்கொண்டன.

நோக்கம் நல்லதே. ஆனால் அதிலிருந்து ஒரு சிக்கல் பிறந்தது. வீட்டுக் கொல்லையில் தக்காளி பயிரிட்டுத் தாமே உண்டால் அது தோட்டம். அதே தக்காளியைக் கூடையில் வைத்து விற்றால் அது வாணிகம். வாணிகத்துக்கோ குடியிருப்பு வட்டாரத்தில் இடமில்லை. விற்காமல் சிறு பண்ணை பிழைக்க வழியும் இல்லை. ஆகவே சட்டத்தின் ஒரு சொல்லில் பண்ணையின் உயிர் தொங்கியது.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது

கலிபோர்னியா மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில், 2010ஆம் ஆண்டில், முக்கால் ஏக்கர் அளவுள்ள மனை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு இளம் பெண்கள் பண்ணை அமைத்தனர். நம் கணக்கில் அது 75 சென்ட். பண்ணையின் பெயர் லிட்டில் சிட்டி கார்டன்ஸ். நகரத்துச் சிறு பண்ணை தன் விளைச்சலை விற்றே தன்னைத் தாங்கிக் கொள்ளுமா என்று சோதித்துப் பார்ப்பதே அவர்கள் கருத்து. குடியிருப்பு வட்டாரத்தில் விளைபொருளை விற்கத் தனி அனுமதி பெற வேண்டும் என்றது அன்றைய சட்டம். அதற்குச் சில ஆயிரம் டாலர் செலவாகும். கீரை விற்றுப் பிழைப்போர் அத்தொகைக்கு எங்கே போவர்?

இந்நிலையில் நகரத்தின் தோட்டக்காரர்களும் அண்டை வீட்டாரும் ஒன்று சேர்ந்தனர். அவர்கள் இருவழிகளுள் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. இந்த ஒரு பண்ணைக்கு மட்டும் சலுகை கேட்பது ஒரு வழி. எல்லாச் சிறு பண்ணைகளுக்கும் பொருந்தும்படி சட்டத்தையே திருத்தக் கேட்பது மற்றொன்று. அவர்கள் கடினமான இரண்டாவது வழியையே மேற்கொண்டனர். பொது விசாரணைகளுக்குச் சென்று பேசினர். புதிய சட்டத்தின் வரைவு வந்தபோது ஒவ்வொரு விதியையும் எடுத்து விவாதித்தனர்.

2011 ஏப்ரலில் புதிய சட்டம் நிறைவேறியது. நகரத் தலைவர் எட் லீ அதில் கையொப்பமிட்டார். ஓர் ஏக்கருக்குக் குறைந்த நிலத்தில் எவ்வட்டாரத்திலும் பயிரிடலாம். விளைந்ததை அங்கேயே விற்கலாம் என்பது அதன் சாரம். எதிர்ப்போரின் அச்சங்களுக்கும் அது இடங்கொடுத்தது. மக்கு உரக்குவியல் மனையின் எல்லையிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும். விற்பனை காலை 6 மணி முதல் இரவு 8 மணிவரை மட்டுமே. குடியிருப்பு வட்டாரத்தில் நிலத்தை முதன்முதல் பண்படுத்தும் காலம் தவிர மற்றைக் காலங்களில் பெரிய எந்திரங்கள் ஓடலாகாது. விளைந்த காய்கனிகளை ஜாம் முதலிய பண்டங்களாக்கி விற்பது குடியிருப்பு வட்டாரத்தில் கூடாது; பிற வட்டாரங்களில் கூடும். நாற்றம், இரைச்சல், நெரிசல் என்று அண்டை வீட்டார் சொல்லக்கூடிய குறைகளுக்கெல்லாம் இவ்வாறு அளவும் வரம்பும் வகுக்கப்பட்டன. இருசாராரும் வாழ வழி பிறந்தது.

அனுமதிக்குப் பின்

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் மகிழ்ந்து நின்றுவிடலாம். ஆனால் அனுமதி என்பது பயிரிடும் உரிமை. நிலம் வேறொருவர் உடைமை. சில ஆண்டுகளில் அந்த மனை விற்கப்பட்டது. தனியார் பள்ளி ஒன்று அதை வாங்கியது. பண்ணை மூடப்பட்டது. எந்தப் பண்ணையின் பொருட்டு நகரச் சட்டமே மாறியதோ, அந்தப் பண்ணை இன்று அங்கே இல்லை. சட்டமோ நிலைத்து நிற்கிறது. பின்வந்தோர் அதனால் பயன் பெறுகின்றனர்.

நிலத்தின் உரிமை எத்துணை முதன்மையானது என்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இன்னும் கடுமையாகக் காட்டியது. அங்கே ஏறக்குறைய 14 ஏக்கர் நிலம் நகராட்சியிடம் இருந்தது. குப்பை எரிக்கும் ஆலைக்கென்று தனியாரிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம் அது; மக்கள் எதிர்த்ததால் ஆலை எழவில்லை. 1994 முதல் ஏழைக் குடும்பங்கள் அங்கே பயிரிட்டன. காலப்போக்கில் 350 குடும்பங்கள் வரை சோளமும் கீரையும் மூலிகையும் விளைத்தன. 2003இல் நகராட்சி அந்நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே சுமார் 50 இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. பின்னர் நாடறிந்த நடிகர்களும் பாடகர்களும் வந்து துணை நின்றார்கள், பொருள் திரட்டினார்கள். ஆனால் விற்பனை முடிந்தபின் வந்த துணையால் நிலத்தை மீட்க முடியவில்லை. 2006 ஜூன் 13ஆம் நாள் காவலர் புகுந்து அனைவரையும் வெளியேற்றினர். புல்டோசர்கள் பயிரை அழித்தன.

நியூயார்க்கின் அனுபவம் இதற்கு மாறானது. அங்கே லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரும் அவருடைய தோழர்களும் 1973இல் குப்பை நிறைந்த மனை ஒன்றைத் தூய்மைப்படுத்தித் தோட்டமாக்கினர். மறு ஆண்டு நகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான தோட்டங்கள் எழுந்தன. 1999இல் நகராட்சி நூற்றுக்கு மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலம் விட முனைந்தது. ஊரார் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தனர், வழக்கும் தொடுக்கப்பட்டது. ஏல நாளுக்கு முன்பாகவே இரண்டு அறநிலையங்கள் பொருள் கொடுத்து அம்மனைகளை வாங்கிவிட்டன. எஞ்சிய தோட்டங்களுட் பலவற்றைக் காக்க 2002இல் உடன்பாடு ஏற்பட்டது. அங்கே காலத்தில் வந்த துணை, நிலத்தின் உரிமையையும் நாடியது, வென்றது.

கற்க வேண்டியவை

இம்மூன்று வரலாறுகளும் ஊரார் துணைக்கு மூன்று படிகளைக் காட்டுகின்றன.

முதலாவது, ஐயம் நீக்குதல். நகரத்து மண்ணில் பழைய வண்ணப் பூச்சிலிருந்தும் பெட்ரோல் புகையிலிருந்தும் சேர்ந்த ஈயம் இருக்கக்கூடும். எனவே மண்ணைச் சோதிக்காமல் பண்ணைக்குப் பரிந்து பேசுதல் தகாது. ஈயம் மிகுந்திருந்தால் தூய மண்ணை வேறிடத்திலிருந்து கொணர்ந்து மேட்டுப் பாத்தி கட்டிப் பயிரிடலாம். செயற்கை உரம் இடாமை ஒன்றே உணவைத் தூய்மையாக்கிவிடாது.

இரண்டாவது, பொதுவிதி கேட்டல். ஒருவருக்குக் கிடைக்கும் சலுகை அவரோடு போகும். விதியோ அவருக்குப் பின்னும் நிற்கும்.

மூன்றாவது, நிலத்தை நிலைப்படுத்தல். நீண்ட குத்தகை, அறநிலைய உடைமை ஆகியன இதற்கு வழிகள். கலிபோர்னியா 2013இல் வேறொரு வழியையும் கண்டது. நகரத்து மனையை ஐந்தாண்டுக் காலம் பயிருக்கென ஒதுக்குவதாக உடன்படிக்கை செய்யும் உரிமையாளருக்கு, நகராட்சியோ மாவட்ட ஆட்சியோ இசைந்தால், நிலவரியைக் குறைக்கலாம் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது. மனையை விற்கத் துடிக்கும் உரிமையாளருக்கும் சற்றுப் பொறுத்திருக்க அது ஒரு காரணம் தருகிறது.

மாணவ நண்பர்களே! ஊர் கூடித் தேர் இழுப்பது நாம் அறிந்ததே. ஆனால் வடம் பிடிக்கும் கைகள் மட்டும் தேரை நிலைக்குக் கொண்டுவந்து விடுவதில்லை. சக்கரத்துக்கு அளவறிந்து கட்டை இடுவோரும் வேண்டும். நம் மன்றத்தில் சட்டம் பயில்வோர் உள்ளனர்; வேதியியல் பயில்வோர் உள்ளனர்; பொருளாதாரம் பயில்வோரும் உள்ளனர். நாம் வாழும் நகரத்தில் இத்தகைய சிறு பண்ணை ஒன்று நகராட்சியின் வாயிலில் நிற்குமாயின், விதியைப் படித்துச் சொல்லவும், மண்ணைச் சோதித்துக் கொடுக்கவும், குத்தகைக் கணக்கைச் சரிபார்க்கவும் நம்மால் இயலும். ஆரவாரத்தைக் காட்டிலும் அத்துணையே அப்பண்ணைக்குப் பெரிதும் பயன்படும்.