தூத்துக்குடி: முத்து, உப்பு, கப்பல்

தையல் மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த தளவாய்புரத்துக்காரன் நான். முதன்முதலில் கடலைப் பார்த்தது தூத்துக்குடியில்தான்.

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள இந்நகரம் முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் போனது. ஆங்கிலேயருக்குப் போட்டியாக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.க்குக் கிடைத்த பரிசு, 1908-ல் சிறை!

இங்கே கரையோரம் ஆழம் குறைவு. கப்பல்கள் தூரத்தில் நிற்க, தோணிகள்தான் சரக்கைச் சுமந்தன. இதற்கு என்ன வழி? கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கல்லைக் கொட்டியே எழுப்பினார்கள். 1974-ல் அது பெரிய துறைமுகமானது. 2011 முதல் வ.உ.சி. பெயரையே தாங்கி நிற்கிறது.

பனிமய மாதா கோவிலையும் உப்பளங்களையும் பாருங்கள், மக்ரூன் சாப்பிடுங்கள். ஆனால் சிவில் படிக்கும் நண்பா, அந்தக் கல் சுவரைத் தூரத்திலிருந்தாவது பார்க்காமல் பஸ் ஏறிடாதே!