காகிதப்பூக் கொடி பூப்பதற்கு வழி

சிங்கப்பூருக்குச் சென்று திரும்பும் தோட்டத்து மக்கள் பலரும் வியந்து கூறும் காட்சி ஒன்றுண்டு. அங்குச் சாலைகளுக்கு மேலே அமைந்துள்ள நடைபாலங்களின் இரு மருங்கிலும் காகிதப்பூக் கொடிகள் இளஞ்சிவப்பும் ஊதாவுமாய்ப் பூத்துத் தொங்குகின்றன. அதே கொடியை நம் வீட்டு வாசலில் நட்டு, நாள்தோறும் நீரூற்றி, உரமும் இட்டு வளர்த்தால் இலைகள் மட்டுமே செழிக்கின்றன, பூவைக் காணோம். இதன் காரணத்தை அறிந்துகொள்வது நலம்.

மலாய் மொழியில் 'புங்கா கெர்த்தாஸ்' என்றும், தாவர நூலில் போகன்வில்லா என்றும் வழங்கும் இக்கொடி, நம் பால்மரத்தைப் போலவே பிரேசில் நாட்டைச் சேர்ந்தது. பிரெஞ்சு மாலுமி போகன்வில்லின் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பயணத்தில் சென்ற தாவர ஆய்வாளர் கொம்மெர்சோன், 1767ஆம் ஆண்டில் இதனை ரியோ டி ஜெனிரோவில் கண்டு தம் தலைவரின் பெயரைச் சூட்டினார். பால்மரமோ 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தது. ஒரே நாட்டிலிருந்து வந்தவையாயினும், இரண்டும் விரும்பும் நீரின் அளவு வேறு.

நாம் பூவிதழ் என்று எண்ணும் வண்ணப் பகுதிகள் உண்மையில் நிறம் மாறிய இலைகளேயாகும். அவற்றின் நடுவே சிறு குழல்போல் காணப்படும் மூன்று வெண்ணிறப் பூக்களே மெய்யான பூக்கள். மணம் இல்லாமையாற்போலும், லிட்டில் இந்தியாவின் மாலைக் கடைகளில் மல்லிகைக்கும் செவ்வந்திக்கும் உள்ள இடம் இதற்கு இல்லை. எனினும், 1967இல் பிரதமர் லீ குவான் யூ சிங்கப்பூரைத் தோட்ட நகராக்கும் திட்டத்தை அறிவித்த பின்னர், கடும் வெயிலைத் தாங்கும் இக்கொடி பாலங்களுக்கு ஏற்றதாய் அமைந்தது.

பாலத்தின் ஓரத்திலுள்ள தொட்டி குறுகியது. வேர் பரவ இடமில்லை. வெயிலில் மண் விரைவில் காய்கிறது. இந்த நெருக்கடியே கொடியைப் பூக்கத் தூண்டுகிறது. நீரும் தழைச்சத்தும் தாராளமாய்க் கிடைத்தால் அது இலையும் கிளையும் விடுவதிலேயே முனைந்துவிடும். ஆகவே, மேல்மண் நன்கு காய்ந்து, இலைகள் சற்றே துவளத் தொடங்கும்போது மட்டும் நீர் ஊற்றுங்கள். ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்றுங்கள். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் பட வேண்டும். பால்மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறட்சியில் இக்கொடி நன்கு பூப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இங்கு மற்றொன்றையும் வலியுறுத்தல் வேண்டும். பூந்தொட்டியின் அடியில் தட்டு வைக்காதீர்கள். நீர் தேங்கினால் இக்கொடியின் வேர் அழுகும் என்பது ஒருபுறமிருக்க, டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அத்தட்டு நீரே போதுமானது. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். வெட்டு நின்ற மரங்களில் கவிழ்க்காமல் விட்ட மங்குகளில் மழைநீர் தேங்கிக் கூத்தாடிப் புழுக்கள் நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் வீட்டில் கொசுவைப் பெருகவிட்டவர்களுக்குத் தண்டம் விதிக்கிறார்கள். மலேசியாவிலும் 1975ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றமாகும்.

கொடி வளர்க்கப் பணம் செலவிட வேண்டியதில்லை. அண்டை வீட்டாரிடம் பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டு ஒன்றைக் கேட்டுப் பெற்று, ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, இலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் சாய்வாக ஊன்றி நிழலில் வையுங்கள். வேர்விடும் வரை மட்டும் மண் ஈரமாக இருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். இதன் வேர்கள் மிக மெல்லியவை. இடம் மாற்றும்போது மண்கட்டி உடையாமல் எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

பூ ஓய்ந்ததும் நீண்ட கிளைகளைக் கத்தரித்துவிட்டால் புதுத் தளிரின் நுனிகளில் மீண்டும் பூக்கும். கத்தரித்த கிளைகளின் முள் கூர்மையானது. பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடியாடும் வாசலில் அவற்றைப் போட்டு வைக்காமல் அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.