ஏர்டேல் டெரியர் காவலுக்கு ஆகுமா?

ஏர்டேல் டெரியரைப் பற்றி நாய் வளர்ப்போரிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. முதல் உலகப் போரில் குண்டுமழைக்கு நடுவே ஓடிய இனம், ஆகவே பிறவியிலேயே காவல் நாய் என்பது ஒன்று. இன்று போலீஸில் அதைக் காண்பதே அரிது, முடி சீவிக் கண்காட்சி மேடையில்தான் நிற்கிறது, ஆகவே அது வெறும் அழகு நாய் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டு தரப்பும் வரலாற்றைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. ஆனால் வரலாறு இருவருக்குமே சாதகமாகப் பேசவில்லை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில், ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான இனம் இது. தண்ணீருக்கு அஞ்சாத ஆட்டர்ஹவுண்டையும் சொரசொரத்த முடிகொண்ட பழைய டெரியரையும் கலந்து, ஆற்றங்கரையில் நீர்நாயையும் எலியையும் விரட்ட வளர்த்தார்கள். டெரியர்களிலேயே பெரிய உருவமும், காயத்தைப் பொருட்படுத்தாத பிடிவாதமும் அப்படி வந்தவை. ‘டெரியரின் மூர்க்கம்’ என்று நாம் புகழ்வது பெரும்பாலும் விலங்கின் மீது பாயும் வேட்டை வேகம். காவல் வேலை கேட்பது வேறு. தன்னை நேராகப் பார்த்து, கத்தி, கம்பை ஓங்கிக்கொண்டு வரும் மனிதன் முன்னால் நாய் பின்வாங்கக் கூடாது. அவன் அடங்கி நின்றதும் பாயவும் கூடாது. அணிலைக் கண்டால் கயிற்றை அறுக்கும் நாயெல்லாம் திருடனையும் பிடிக்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

போர்ப் புகழுக்கு வருவோம். அதன் பின்னால் இருப்பவர் எட்வின் ரிச்சர்ட்ஸன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. ரஷ்ய–ஜப்பானியப் போரின்போதே ரஷ்யர்களுக்கு நாய்களை அனுப்பியவர். 1917இல் ஷூபரினெஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் போர் நாய்ப் பள்ளியைத் தொடங்கியவர். ஏர்டேல் மீது அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அந்தப் பள்ளி முதன்மையாகத் தயார்செய்தது தூது நாய்களை. பராமரிப்பாளரைப் பின்னணி முகாமில் விட்டுவிட்டு, நாயை மட்டும் முன்னணிப் பதுங்குகுழிக்குக் கொண்டுபோவார்கள். கழுத்துப்பட்டையில் செய்தியைக் கட்டி அவிழ்த்துவிட்டால், எத்தனை குண்டு வெடித்தாலும் தன் ஆளைத் தேடி அது ஓடிவரும். இதற்கு உறுதியான நரம்பும் ஒருவர் மீது ஆழ்ந்த பற்றும் வேண்டும். கடிப்பதற்கு அங்கே வேலையே இல்லை. வழியில் நின்று யாரையாவது கடித்துக்கொண்டிருந்தால் செய்தி போய்ச் சேராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு நாய்கள் வந்த வழிகளில் ஒன்று, லண்டனின் பேட்டர்ஸீயில் இருந்த ஆதரவற்ற நாய்கள் காப்பகம். கலப்பினங்களும் தெருவில் திரிந்தவையும் ஏர்டேல்களுக்குப் பக்கத்திலேயே பயிற்சி பெற்றன. அதாவது, வம்சச் சான்றிதழைப் பார்த்துத் தேர்வு நடக்கவில்லை. வேலையைச் செய்ததா என்று பார்த்துத்தான் நடந்தது. 1918இல் தாடை உடைந்தும் செய்தி கொண்டுவந்து ஒரு படைப்பிரிவைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் ‘ஜாக்’ என்ற ஏர்டேலின் கதையும் இந்த இடத்தில் தவறாமல் வரும். அதற்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது என்ற கூடுதல் சரடு மட்டும் நிச்சயமாகப் பொய். அந்த விருது எந்த விலங்குக்கும் வழங்கப்பட்டதில்லை. விலங்குகளுக்கான டிக்கின் பதக்கமோ 1943இல்தான் தோன்றியது.

ஏர்டேலுக்காக வாதாட நினைப்பவர்கள் போரை விட்டுவிட்டு ஹல் துறைமுகத்தைக் காட்டியிருக்கலாம். 1908இல் அங்கே, பெல்ஜியத்தின் கென்ட் நகரப் போலீஸைப் பார்த்து, ரயில்வே போலீஸார் நாய்களோடு ரோந்து போகத் தொடங்கினார்கள். பிரிட்டனின் தொடக்ககாலப் போலீஸ் நாய்களான அவை ஏர்டேல்கள். இரவில் சரக்குத் திருடர்களை எதிர்கொள்ளும் வேலை அது. தூது ஓடுவதைவிடக் காவலுக்கு மிக நெருக்கமானது. பிற்காலத்தில் அவற்றின் இடத்தை அல்சேஷன்கள், அதாவது ஜெர்மன் ஷெப்பர்டுகள், பிடித்தன. “தகுதி இருந்தால் ஏன் கைவிட்டார்கள்?” என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு இனம் வேலையிலிருந்து போவதற்குத் தகுதியின்மை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 1899இலேயே ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் தலைமையில் ஒரு சங்கம் அமைந்தது. வேலைத்திறன்தான் இனத்தின் அடையாளம் என்று வைத்து, தலைமுறை தலைமுறையாக அவர்கள் பொறுக்கியெடுத்தார்கள். அதே காலத்தில் ஏர்டேல் அமெரிக்கக் கண்காட்சிகளின் செல்லப்பிள்ளையானது. ஒஹையோவில் வால்டர் லிங்கோ என்ற வளர்ப்பாளர் தன் ‘ஊராங்’ பண்ணை ஏர்டேல்களை விளம்பரப்படுத்த, 1922இல் பிரபல விளையாட்டு வீரர் ஜிம் தோர்ப்பை வைத்து ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியையே நடத்தினார் என்றால் மோகத்தின் அளவு புரியும். 1933இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதலிடம் வென்றதும் ஒரு ஏர்டேல்தான். அதன் பெயரில் ‘புரொடெக்டர்’ என்ற சொல் இருந்தது. பரிசு கிடைத்தது என்னவோ உடலமைப்புக்கு.

எதைப் பார்த்துப் பொறுக்குகிறோமோ அதுதான் அடுத்த தலைமுறையில் நிலைக்கும். முடிக்கும் முகநீளத்துக்கும் முதுகுக் கோட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட வம்சத்தில் பழைய துணிவு எஞ்சியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாரும் சோதித்துப் பார்க்காததால் தெரியாது, அவ்வளவுதான். ‘அழகு நாய்’ என்ற ஏளனத்தில் இருக்கும் உண்மை இந்த மட்டில்தான். சோவியத் ராணுவத்தின் ‘சிவப்பு நட்சத்திர’ நாய்ப்பண்ணை இரண்டாம் உலகப் போருக்குப் பின் கருப்பு ரஷ்ய டெரியரை உருவாக்கியபோது, ஜயண்ட் ஷ்னவுசர், ராட்வீலரோடு ஏர்டேலையும் சேர்த்தது. அதன் குணங்கள் வேண்டும் என்று நினைத்தார்கள். அதுவே போதும் என்று நினைக்கவில்லை.

உருவம் சிறியது என்ற ஆட்சேபம் நிற்காது. ஆண் ஏர்டேலின் உயரம் 58 முதல் 61 சென்டிமீட்டர். இன்று உலகெங்கும் போலீஸும் ராணுவமும் விரும்பித் தேடும் பெல்ஜியன் மாலினாயில் ஆணின் எடை 25 முதல் 30 கிலோ. நல்ல ஏர்டேலும் ஏறக்குறைய அதே எடைதான். சொன்ன பேச்சுக் கேட்காது என்ற ஆட்சேபத்துக்கு வலு அதிகம். ஒரே பயிற்சியைப் பத்து முறை செய்யச் சொன்னால் ஷெப்பர்டு பத்து முறையும் செய்யும். ஏர்டேலுக்கு மூன்றாவது முறையே அலுத்துவிடும். மனமுதிர்ச்சியும் தாமதம், இரண்டு வயதுக்கு முன் அதன் மீது கடும் அழுத்தம் வைக்கும் பயிற்சியாளர் நாயைக் கெடுத்துவிடுவார். குறுகிய காலத்தில் பல நாய்களைப் பல கைகளுக்குத் தயார்செய்ய வேண்டிய போலீஸ் துறைக்கு இது உண்மையான இடைஞ்சல். ஆனால் இது செலவைப் பற்றிய ஆட்சேபம். ஒரே நாயோடு ஆண்டுக்கணக்கில் உழைக்கத் தயாராக இருப்பவருக்கு இது தடையல்ல.

அப்படி உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் பணி நாய் இனங்கள் என்று அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றுள் ஏர்டேலும் ஒன்று. ஷுட்ஸ்ஹுண்ட் என்று தொடங்கி இன்று ஐஜிபி எனப்படும் தேர்வில் அங்கே ஏர்டேல்கள் தேறுகின்றன. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, தேற 70 வேண்டும். பாதுகாப்புப் பகுதியில், ஒளிந்திருக்கும் ஆள் அசையாமல் நின்றால் நாய் அவனைத் தொடாமல் குரைத்து நிறுத்த வேண்டும். ஓடினாலோ தாக்கினாலோ அவன் கையில் மாட்டியிருக்கும் தடித்த பாதுகாப்பு உறையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். “விடு” என்றதும் விட வேண்டும். இதிலும் ஒரு குறை உண்டு: மைதானம் பழகியது, ஆள் பழகிய உடையில் வருகிறான், நாய் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளலாம். தெருவில் நடப்பதற்கு இது முழு உத்தரவாதம் இல்லை. ஆயினும் நூற்றாண்டுக்கு முந்தைய போர்க்கதையைவிட, போன வருடம் குட்டியின் தாய் வாங்கிய புள்ளி எவ்வளவோ மேலான ஆதாரம்.

“பயிற்சியே வேண்டாம், ஆபத்து வந்தால் தானாகவே காப்பாற்றும்” என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பயிற்சியில்லாத ஏர்டேல் புதியவரைக் கண்டால் கனத்த குரலில் குரைக்கும். பல வீடுகளுக்கு அதுவே போதுமான காவல். அதற்கு மேல் அது என்ன செய்யும் என்பது அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. விலகி நிற்கலாம், தவறான ஆளைக் கடிக்கலாம். கடிக்கக் கற்றுக்கொடுத்து, விடக் கற்றுக்கொடுக்காத அரைகுறைப் பயிற்சி அதைவிட மோசம்.

ஆகவே காவலுக்கென்று ஏர்டேல் குட்டி தேடுகிறவர்கள் வளர்ப்பாளரிடம் கண்காட்சிக் கோப்பைகளைக் கேட்க வேண்டாம். தாய், தகப்பன் எந்தத் தேர்வில் தேறின, பாதுகாப்புப் பகுதியில் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். முடிந்தால் அவை வேலை செய்வதை நேரில் பாருங்கள். காட்ட முடியாதவரிடம் நல்ல வீட்டு நாய் கிடைக்கலாம். காவல் நாய்க்கான விலையை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.