கை நடுங்கினால் தைரியம் இல்லை என்று அர்த்தமா?



தாதிமைப் படிப்பு படிக்கிற அக்காவோ தம்பியோ நம்மில் பலர் வீட்டில் இருப்பாங்க. எஸ்.பி.எம். முடித்து டிப்ளோமாவில் சேர்ந்து, சீருடையோடு முதல் தடவை வார்டுக்குள் போகும்போது பலருக்கும் வயது இருபதைக்கூட தாண்டியிருக்காது. நான் படிப்பது இன்ஜினியரிங். பரீட்சையில் என் கணக்கு தப்பினால் மார்க் போகும், அவ்வளவுதான். வார்டில் மருந்தளவுக் கணக்கு தப்பினால் பாதிக்கப்படுவது ஒரு நோயாளி.

சாதாரண நாளிலேயே இப்படி என்றால், நிலைமை ஆட்டம் காணும்போது? 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வகுப்புகள் இணையத்துக்கு மாறின. பலருக்கு வார்டுப் பயிற்சி தள்ளிப்போனது. "செய்து பழகாமலேயே தாதியாகிவிடுவேனோ?" என்ற பயம் வந்தது. அதே 2020-ஐத்தான் உலகச் சுகாதார நிறுவனம் தாதியர், மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்தது. கோவிட் ஓய்ந்தாலும், அடுத்த நெருக்கடி எந்த வடிவில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருது?

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் இதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்.

1. நாமே செய்து வெற்றி கண்ட அனுபவம்.
2. நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது.
3. நாம் மதிக்கிற ஒருவர் "உன்னால முடியும்" என்று சொல்வது.
4. அந்த நேரத்தில் நம் உடலும் மனமும் இருக்கும் நிலை.

நான்காவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தூங்காமல், பசியாறாமல் வார்டுக்குப் போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அது உடல் களைப்பு. ஆனால் மனம் அதை "எனக்குத் திறமை இல்லை" என்று தப்பாகப் படித்துவிடுகிறது. அதனால் நல்ல பழக்கம் உடம்புக்கு மட்டுமல்ல, நம்பிக்கைக்கும் உரம்.

ஐந்து பழக்கங்கள்

தூக்கம்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் அறையை இருட்டாக்கி, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் படுக்கணும். ஷிப்டின் கடைசி சில மணி நேரத்தில் காப்பி வேண்டாம். வீட்டிலுள்ளவர்களும் "பகல்ல என்ன தூக்கம்?" என்று கேட்காமல் டிவி சத்தத்தைக் குறைக்கணும்.

சாப்பாடு: தே தாரிக்கும் மெகியும் அவசரத்துக்குத்தான். முதல் நாளே அவித்த முட்டை, சுண்டல், வாழைப்பழம் எடுத்து வைத்தால் ஓய்வு நேரம் பத்து நிமிடமே கிடைத்தாலும் வயிறு காயாது. தண்ணீர் போத்தல் பையிலேயே இருக்கட்டும்.

கை சுத்தம்: சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, கிருமிநாசினி திரவத்தால் தேய்க்க 20 முதல் 30 விநாடி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. 1854-இல் போர்க்கால மருத்துவமனைக்குப் போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் முதலில் கையில் எடுத்ததும் சுத்தத்தைத்தான். கழுவும் அந்த நேரத்தில் மூச்சையும் நிதானமாக விடுங்க. படபடப்பு குறையும்.

சரிபார்த்தல்: சரியான நோயாளி, மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம். இந்த ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பவருக்குப் பயம் தானாகவே குறையும். சந்தேகம் வந்தால் "எனக்குத் தெரியல சிஸ்டர், ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்கணும். கேட்பது தைரியம். தெரிந்த மாதிரி நடிப்பதுதான் ஆபத்து.

பேசுதல்: இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமோ பசியோ கெட்டால், கல்லூரி ஆலோசகரிடம் சொல்லுங்க. மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கு.

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றை எடுத்து ஒரு வாரம் விடாமல் செய்யுங்க. சொன்னதைச் செய்து காட்டிய ஏழு நாள்கள், பண்டுரா சொன்ன முதல் ஊற்று.

நம் பங்கு

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் (950), மருத்துவத்துக்கு நான்கு தூண்களைக் காட்டுகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது தூண்தான் இன்றைய தாதி. அந்தத் தூண் சாயாமல் இருக்க, வீட்டிலிருக்கும் நாமும் தோள் கொடுக்கலாம். ஷிப்ட் முடிந்து வரும் அக்காவுக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்து வைப்பதும், "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு முழுசாகக் கேட்பதும் மூன்றாவது ஊற்றுதான்.

வகுப்பில் பேச:

1. களைப்பை "என்னால முடியாது" என்று நீங்கள் எப்போது தப்பாக எடுத்துக்கொண்டீர்கள்?
2. ஐந்து பழக்கங்களில் உங்கள் படிப்புக்கு அதிகம் தேவைப்படுவது எது?
3. உங்களுக்குத் தெரிந்த ஒரு தாதிமை மாணவருக்கு இந்த வாரம் என்ன உதவி செய்வீர்கள்?